ஒரு கவளம்

பசித்த பிள்ளைக்குச் சோறிட்டால் பிள்ளை உண்ணும். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் என் தாய் சமையலர். 1982 ஜூலையில் தொடங்கிய திட்டம் அது. தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு மாதம் அம்மாவுக்குத் துணையாகப் பரிமாறப் போனேன்.

முதல் வகுப்பில் ஒரு சிறுவன். சாம்பார் சாதத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முட்டையின் வாசனையே அவனுக்கு ஆகாது. மற்றவர்கள் கை கழுவப் போன பின்னும் அவன் தட்டு வைத்தபடியே இருக்கும். ஒருநாள் என் பொறுமை போயிற்று. "எத்தனை பேர் இதற்கு ஏங்குகிறார்கள், தெரியுமா?" என்று அதட்டி, ஒரு கவளத்தை வாயில் திணித்தேன். குமட்டி, அத்தனையும் வாந்தி எடுத்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. "அவனுக்குப் பசிக்காமலா இருக்கும்? வாய் ஏத்துக்க மாட்டேங்குதுடா. நீ அதை அடம்னு நினைச்சுட்டே" என்றார். அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி வந்தான். என்னைக் கண்டதும் ஒளிந்துகொண்டான். அந்த ஒரு பார்வை போதாதா, என் குற்றத்தை எனக்குச் சொல்ல?

அம்மா அவனுக்கு வெறுஞ்சோறு வைத்தார். சாம்பாரைக் கலக்காமல் சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றினார். முட்டைக்குப் பதில் வாழைப்பழம். "தொட்டுப் பாரு கண்ணு. புடிக்கலைன்னா விட்டுடு" என்றார். நன்றாக உண்ணும் சிறுமி ஒருத்தியைப் பக்கத்தில் அமர்த்தினார். மிச்சம் வைத்ததை யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கிண்ணத்தைத் தொடவே இல்லை. பிறகு விரல் நுனியில் தொட்டு நக்கினான். ஒரு புதிய உணவைப் பத்து தடவைக்கு மேல் கண்டு பழகிய பிறகே ஏற்கும் பிள்ளைகள் உண்டு என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதையும் அறிந்தேன். அம்மா எதையும் படித்தவரல்லர். பிள்ளையின் முகத்தைப் படித்தவர்.

விடுமுறையின் கடைசி நாள். அவனே சாம்பாரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து மூன்று கவளம் உண்டான். நான் இன்னொரு கரண்டியுடன் குனிந்தேன். "போதும்ணா" என்றான், இம்முறை ஒளியவில்லை. என் கையும் அங்கேயே நின்றது.

சோறிடுவது அறம். "போதும்" என்ற சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் அந்த அறத்தில் சேர்ந்ததே.