இளைத்தல்: ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'இளைத்தல்' என்னும் சொல்லுக்கு உடல் மெலிதல் என்ற பொருளும் உண்டு. களைத்து மூச்சு வாங்குதல் என்ற பொருளும் உண்டு. ஓடி இளைத்தவன் மர நிழலில் இளைப்பாறுகிறான். நோயில் கிடந்து எழுந்தவனைப் பார்த்து 'இளைத்துவிட்டாயே' என்கிறோம். இன்று வீட்டுக் கூடங்களில் பாய் விரித்துக் குதிப்போர் பலரும் இவ்விரு பொருளையும் ஒன்றாகவே கொள்கிறார்கள். மூச்சிரைக்க இளைத்தால் உடல் தானே இளைக்கும் என்பது அவர்களது கணக்கு. நாற்பதைக் கடந்த தம்பதியராகிய நாங்கள் சில மாதங்களாக இப்பயிற்சியைச் செய்து வருகிறோம். இரு பொருளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நல்ல பழக்கம் ஒன்று பாதியில் நின்றுபோகும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கி ஊழியர். எங்களில் ஒருவருடைய தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் மறைந்தார். அந்த வயதை எட்ட இன்னும் ஆறே ஆண்டுகள். ஆகவே அழகுக்காக நாங்கள் தொடங்கவில்லை. மருத்துவரைக் கண்டு, இசிஜியும் ட்ரெட்மில் சோதனையும் முடித்து, அவர் தலையசைத்த பின்னரே பாயை விரித்தோம்.

பயிற்சி எளியது. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து உடலைச் சூடேற்றுகிறோம். பிறகு 20 விநாடி வேகம், 40 விநாடி ஆறுதல் என மாறி மாறிச் செய்கிறோம். பஸ்கி, முழங்காலை உயர்த்தி நின்ற இடத்தில் ஓடுதல், சுவரில் கையூன்றித் தண்டால், பள்ளி டிரில் வகுப்பில் கற்ற, கைகால் விரித்துக் குதித்தல் ஆகியவையே பாடத்திட்டம். எல்லாம் சேர்த்து 20 நிமிடம்; வாரத்தில் நான்கு நாள். இரண்டாம் வாரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி, "என்னம்மா, விடியக்காலையில மாவா இடிக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றுமுதல் குதிப்பதை விடுத்து, பக்கவாட்டில் கால்மாற்றி வைக்கிறோம். பாட்டிக்கும் நிம்மதி, எங்கள் முழங்காலுக்கும் நிம்மதி. கையையும் காலையும் விரைந்து இயக்கினால், குதிக்காமலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது.

'ஹிட்' என்று சுருக்கமாக வழங்கும் இத்தீவிர இடைவெளிப் பயிற்சிக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தா. அந்நாட்டுப் பனிச்சறுக்கு வேகப்பந்தய வீரர்களின் பயிற்றுநர் இரிசாவா கையாண்ட முறையை அவர் ஆராய்ந்தார். 1996இல் வெளிவந்த அவ்வாய்வில், நிலைமிதிவண்டியில் 20 விநாடி முழுவேகம், 10 விநாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றுகள், ஆறு வாரம். ஒரு சாரார் வாரத்தில் ஐந்து நாள், ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தனர். மறுசாரார் இக்குறுகிய முறையைப் பின்பற்றினர். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு சாராருக்கும் உயர்ந்தது. ஆக்சிஜன் போதாத கடும் உழைப்பைத் தாங்கும் ஆற்றலோ குறுகிய முறையினருக்கு மட்டுமே 28 விழுக்காடு கூடியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் உடற்பயிற்சியில் தேர்ந்த இளைஞர்கள். அங்கே அளக்கப்பட்டது மூச்சின் வலிமை. உடல் எடையைக் குறைப்பது அவ்வாய்வின் நோக்கமன்று.

இதை அறிந்திராவிட்டால் மூன்றாம் மாதத்தில் நாங்கள் பாயைச் சுருட்டியிருப்போம். எடைபார்க்கும் கருவி அதுவரை ஒரே ஒரு கிலோதான் இறங்கியிருந்தது. "இத்தனை வியர்வைக்கு இவ்வளவுதானா?" என்ற கேள்வி எங்களிடையே எழுந்தது. அன்றிரவு தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். 70 கிலோ எடையுள்ளவர் 20 நிமிடம் இவ்வாறு உழைத்தால் ஏறக்குறைய 200 கிலோகலோரி செலவாகும். வாரத்துக்கு 800. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பதோ சுமார் 7,700. உணவில் மாற்றமின்றி அது கரையப் பத்து வாரமாகும். இரண்டு மெதுவடையும் சர்க்கரையிட்ட காபியும் ஒரு நாள் உழைப்பை ஈடுகட்டிவிடும். பயிற்சி முடிந்த பின்னும் உடல் ஆற்றலை எரிப்பது உண்மையே. ஆயினும் அதன் அளவு சிறிது. கருவி பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அதனிடம் விடை இல்லை, அவ்வளவே. உடல் மெலிவது பெரிதும் அடுக்களையில் தீர்மானிக்கப்படுகிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசுவது தற்செயலன்று.

அப்படியானால் கூடத்தில் சிந்திய வியர்வை எங்கே போயிற்று? கல்லூரியின் மூன்றாம் மாடி வகுப்பில் முன்பெல்லாம் நுழைந்தவுடன் கரும்பலகையைத் துடைப்பதுபோல் ஒரு நிமிடம் மூச்சைத் திரட்ட வேண்டியிருந்தது. இப்போது படியேறிய கையோடு வருகைப்பதிவு எடுக்க முடிகிறது. காலையில் படுக்கையிலேயே எண்ணும் நாடித்துடிப்பு, எங்களில் ஒருவருக்கு 84இலிருந்து 75ஆக இறங்கியிருக்கிறது. தந்தையாரை நினைக்கும்போது, ஒரு கிலோவைவிட இந்த ஒன்பது துடிப்புகளே எங்களுக்குப் பெரிதாகப் படுகின்றன.

தொடங்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. தீவிரத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை, பேச்சே போதும். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமானது; சில சொற்களுக்கு மேல் தொடர முடியாவிட்டால் தீவிரமானது. நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஆறுதல் நேரத்தையும் வெட்டிவிடாதீர்கள். இளைப்பாறுவதும் இப்பயிற்சியின் பாதி.

எடைபார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூன்று மாதம் நாடியை மட்டும் எண்ணிப் பாருங்கள். மெலிவது சற்றுத் தாமதமாக வரட்டும்.