ஆணி அடிக்கேலாத சுவர்கள்

வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் பாடம்: சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட எங்கட வீட்டாக்கள் முதலில் முகாமிலும் பிறகு வாடகை வீடுகளிலும் இருந்தவை. நான் விரும்பினபடி மாத்தக் கிடைச்ச முதல் சுவர், ஒரு பழைய கொம்பியூட்டரின் டெஸ்க்டொப். ரெயின்மீட்டரைப் போட்டு, ஐகன்களை ஒளிச்சு, மணிக்கூட்டைப் பெரிசாக்கி வைப்பன். "உதால என்ன பிரயோசனம்?" எண்டு அம்மா கேப்பா. முத்தத்தில் குரோட்டன் வைக்கிறதால என்ன பிரயோசனமோ, அதுதான்.

இது தனி ஆளின்ர பைத்தியம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வினாம்பில் பாட்டுக் கேட்டவர்கள் அதுக்கு ஆயிரக்கணக்கில் ஸ்கின் செய்தார்கள். 2000இல் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட் முதலில் இப்படியான ஸ்கின்களைக் காட்டுற இடமாத்தான் இருந்தது. ரெயின்மீட்டர் 2001இல் வந்தது.

ஆனால் அவை அலங்கரித்த நிலம் அவையின்ர இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கண்ணாடி மாதிரியான ஏரோ தோற்றம் போனது. 2013இல் வினாம்பை மூடப்போறம் எண்டு ஏஓஎல் அறிவித்தது. 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது டாஸ்க்பாரைப் பக்கவாட்டுக்கு நகர்த்தக்கூட வழியில்லை. ஒரு அப்டேட்டில் பல மாத வேலை போயிடும்.

இருந்தும் எல்லாம் அழியவில்லை. வினாம்ப் ஸ்கின் எண்டது சில படங்களைச் சேர்த்துக் கட்டின ஒரு சிப் கோப்பு. அதனால் 'வினாம்ப் ஸ்கின் மியூசியம்' பல்லாயிரம் ஸ்கின்களை இன்றைக்கும் பிரவுசரிலேயே காட்டுது. ரெயின்மீட்டர் ஸ்கின்னைத் திறந்தால் உள்ளே வெறும் எழுத்து. வாசிக்கலாம், மாத்தலாம். முதல் செய்தவரின் பெயரைப் போடவேணும், போடாட்டிச் சண்டைதான்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டின காணிகளும் விடுபட்டபோது அம்மம்மாவோட போனேன். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும். அதை வைச்சு, "இது குசினி, இது விறாந்தை" எண்டு அவ நடந்து காட்டினா. அந்த வீட்டின் வரைபடம் அவவின்ர தலைக்குள்ள மட்டும்தான் இருந்தது. வேற பிரதி இல்லை. திரையையும் வீட்டையும் நான் சமனாக்கவில்லை. ஆனால் பிரதி எண்ட சொல்லின் பாரம் எனக்கு அங்கதான் விளங்கினது.

இந்தக் கூட்டத்துக்கு எதிர்காலம் இருக்கோ? போனோடு வளருற பெடியளுக்கு வோல்பேப்பர் மாத்துறதோட அலங்காரம் முடிஞ்சுது. ஆட்கள் குறையலாம். ஆனால் லினக்ஸ் பக்கம் போனால் ஜன்னலின் விளிம்பு வரைக்கும் எல்லாம் திறந்து கிடக்கு. அங்க ஒரு வடிவான திரையைக் கண்டால் ஆக்கள் முதலில் கேட்கிறது 'கொன்பிக்' கோப்பைத்தான். எத்தனை பேர் இருக்கினம் எண்டதைவிட, செய்ததை மற்றவன் கையில் குடுக்கிற அந்தப் பழக்கம் இருக்குதோ எண்டதுதான் முக்கியம்.

திரையைப் படம்பிடிச்சுப் போடுற தம்பி தங்கச்சிமாரே, படத்தோட கோப்பையும் போடுங்கோ.