அன்னை எலீஸ்வாவும் என் தங்கையும்

திருப்பூணித்துறைக்கு ரயில்வே குமாஸ்தாவாக நான் வந்து சேர்ந்து ஏழு ஆண்டுகள் நிறைவுறுகின்றன. பிழைப்பை நாடி வந்த ஊரில் உற்றார் உறவினரைவிட அடுத்த வீட்டாரே ஆபத்துக்கு உதவுவர் என்பதை நம் சங்கத்து அன்பர்கள் யாவரும் அறிவார்கள். எனக்கு அவ்வாறு வாய்த்தவர் அடுத்த வீட்டில் வாழும் முதிய கிறிஸ்தவ அம்மையார். அன்னை எலீஸ்வாவின் வரலாற்றை அவர் வாயிலாகவே அறிந்தேன். அப்போது என் இல்லத்தில் பெரியதொரு மனத்தாங்கல் நிலவியது.

என் தங்கை கணவனை இழந்து, 4 வயதுப் பெண் குழந்தையுடன் என்னிடம் வந்திருந்தாள். உறவினரில் ஒரு சாரார் மறுமணம் செய்துவைக்கச் சொன்னார்கள். மற்றொரு சாரார், குழந்தையை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும் என்றார்கள். அவளோ எறணாகுளத்தில் ஆசிரியப் பயிற்சி பெற விரும்பினாள். காலையில் புறப்பட்டால் இருட்டும் வேளையில்தான் திரும்ப முடியும். "குழந்தையைப் பிறர் கையில் விட்டுப் போகிறவள் தாயா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

சுவருக்கு அப்பால் இருந்த அம்மையாரின் செவியில் அச்சொல் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் என்னை அழைத்து, "மகனே, கூனம்மாவுக்கும் வராப்புழைக்கும் ஒருமுறை போய் வா" என்று கூறி, அன்னையின் கதையையும் சொன்னார்.

எலீஸ்வா 1831 அக்டோபர் 15இல் வைப்பின் தீவிலுள்ள ஓச்சன்துருத்தில் பிறந்தவர். உடன்பிறந்தோர் பலருக்கு மூத்தவர். 16ஆம் வயதில் கூனம்மாவைச் சேர்ந்த வாகயில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 1850இல் அன்னா என்ற மகள் பிறந்தாள். 20 வயது ஆகும்போதே கணவரை இழந்தார். மறுமணம் செய்யுமாறு உறவினர் வற்புறுத்தினர், அவர் இணங்கவில்லை. வீட்டாருடன் இருந்து மகளை வளர்த்தபடியே, எஞ்சிய பொழுதையெல்லாம் ஜெபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் செலவிட்டார். ஓராண்டு ஈராண்டு அல்ல, பத்தாண்டுகளுக்கும் மேலாக அவ்வாறு வாழ்ந்தார்.

பின்னர் லியோபோல்டு பெக்காரோ என்ற இத்தாலியக் கர்மேல் சபைத் துறவியின் வழிகாட்டுதலால், 1866 பிப்ரவரி 13இல் கூனம்மாவில் ஒரு மடம் தோன்றியது. கேரளத்தில் இந்நாட்டுப் பெண்களுக்கென்றே எழுந்த முதல் துறவு மடம் அதுவே. மாட மாளிகை அன்று. மூங்கில் பாய்களைக் கொண்டு தடுத்த எளிய குடில். அதனுள் எலீஸ்வா தனியே புகவில்லை. மகள் அன்னாவும் தங்கை திரேசாவும் உடன் சென்றார்கள். இரண்டாண்டுகளில் அங்கே பெண்களுக்கான பள்ளியும், தங்கிப் பயிலும் விடுதியும் ஏற்பட்டன. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது.

அவருக்குத் துன்பமும் குறைவில்லை. அம்மடத்தில் இலத்தீன் முறையினரும் சிரியன் முறையினரும் ஒன்றாகவே வாழ்ந்தனர். 1887இல் இருசாராருக்கும் திருச்சபை நிர்வாகம் தனித்தனியே பிரிந்தது. அதன் விளைவாக, 1890இல், தாம் தோற்றுவித்த மடத்தையே விட்டு வெளியேறினார் அன்னை. அறுபதை நெருங்கும் வயதில், அதே மகளுடனும் தங்கையுடனும் வராப்புழையில் மீண்டும் தொடங்கினார். 1913 ஜூலை 18இல், 81ஆம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார். 2025 நவம்பர் 8இல் வல்லார்பாடத்தில் திருச்சபை அவருக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தது.

ஓய்வு நாளொன்றில் நான் வராப்புழை மடத்துக்குச் சென்றேன். நான் அம்மதத்தினன் அல்லேன். எனினும் அன்னை துயிலும் இடத்தில் நெடுநேரம் நின்றேன். குடும்பத்தைத் துறந்தவர் என்று எண்ணிப் போன எனக்கு, அவர் குடும்பத்தைத் துறக்கவே இல்லை என்பது அங்கேதான் விளங்கிற்று. மகளை விட்டுவிட்டு அவர் எங்கும் போகவில்லை. தம் வீட்டின் வாசலை அகலத் திறந்தார், அவ்வளவே. பிறர் பெற்ற பெண்களுக்கும் அதனுள் இடம் கிடைத்தது. என் தங்கை வேண்டியதும் அத்தகைய ஒரு வாசலைத்தானே? குழந்தையைக் கைவிட அவள் நினைக்கவில்லை. அதன் கையைப் பிடித்து நடக்கும் வலிமையைத் தேடினாள். அதற்கு நானே குறுக்கே நின்றேன்.

அன்றிரவு தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சோறு பரிமாறினாள். மறுவாரம் விண்ணப்பம் அனுப்பினோம். பகலில் குழந்தையை என் மனைவியும் அடுத்த வீட்டு அம்மையாரும் பார்த்துக்கொள்கின்றனர். இப்போது தங்கைக்குப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டு. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, அறியேன். ஊரிலுள்ள உறவினர் சிலர் இன்னமும் எங்களுடன் பேசுவதில்லை.

மாலை வண்டி வரும் நேரத்தில் குழந்தை வாசற்படியில் அமர்ந்து, "மாமா, அம்மா வண்டி வந்தாச்சா?" என்று கேட்கிறாள். தாயைக் கண்டதும் ஓடிச்சென்று புத்தகப் பையைத் தான் வாங்கிச் சுமந்து வருகிறாள். அன்பர்களே, நம் இல்லங்களிலும் இத்தகைய சகோதரிகள் இருக்கக்கூடும். அவர்களை நோக்கி ஒரு கடுஞ்சொல் சொல்லுமுன், நான் செய்த பிழையைச் சற்றே எண்ணிப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.