கர்ணன் நாட்டில் கங்கை டால்பின்

துரியோதனன் கர்ணனுக்குக் கொடுத்த அங்க தேசம், இன்றைய பீகாரின் பாகல்பூரைச் சுற்றிய பகுதி என்பார்கள். பெங்களூரிலிருந்து அந்த ஊருக்குப் போகும் ரயிலின் பெயரே அங்கா எக்ஸ்பிரஸ். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குக் கங்கை என்றால் பாட்டி பூஜை அலமாரியில் வைத்திருந்த மூடி போட்ட செம்புச் சொம்புதான். அந்த ஆற்றில் டால்பின் வாழ்கிறது என்று தெரிந்ததிலிருந்து, நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

சுல்தான்கஞ்ச் முதல் கஹல்கான் வரை சுமார் 60 கிலோமீட்டர் கங்கையை 1991-ல் விக்ரமசிலா டால்பின் சரணாலயமாக அறிவித்தார்கள். வேலியும் இல்லை, வாசலும் இல்லை. அதே தண்ணீரில்தான் வலை வீசுகிறார்கள், எருமை கழுவுகிறார்கள், அஸ்தி கரைக்கிறார்கள். கஹல்கானில் ஆற்றின் நடுவே மூன்று பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி நீர் சுழித்து ஓடுகிறது. சுழலில் மீன் கூடும், மீன் கூடுகிற இடத்துக்கு சோன்ஸ் வரும் என்றார் படகுக்காரர். டால்பினை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். துடுப்பைப் படகுக்குள் இழுத்து வைத்துவிட்டார்.

கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் அது கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை வேகமாக ஊதியதுபோல ஒரு சத்தம். திரும்பினால் நீரில் வளையம் மட்டும். "ஒரே இடத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க பாபு, ஆறு முழுக்கக் கண்ணை ஓட்டுங்க" என்றார். அடுத்த முறை தப்பவில்லை. மெலிந்து நீண்ட மூக்கு, வாய் மூடியிருந்தும் வெளியே தெரிகிற பல்வரிசை, புடைத்த நெற்றி, பிறகு சேற்று நிறத்தில் பளபளத்த முதுகு. ஒரு நொடிதான். அதை ஒட்டியே குட்டி ஒன்றும் எழுந்து மூழ்கியது. படகில் இருந்த யாருக்கும் பேச்சு வரவில்லை.

இந்த உயிருக்குப் பார்வை கிடையாது என்றே சொல்லலாம். ஊசித்துளை அளவுக் கண்ணில் லென்ஸ் இல்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். வண்டல் கலங்கிய நீரில் அது கிளிக் கிளிக்கென ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு இரை தேடுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஒருக்களித்து நீந்துகிறது. ஒலிதான் அதற்கு எல்லாம் என்னும்போது, ஹல்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் நீளும் தேசிய நீர்வழி 1-ல் கப்பல்கள் பெருகினால் என்ன ஆகும்? நாங்கள் காத்திருந்தபோதே ஒரு மோட்டார் படகு கடந்து போனது. வெகுநேரம் எதுவும் எழவில்லை.

நைலான் வலை இன்னொரு எமன். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர் வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். அதன் கொழுப்பெண்ணெயை மீனை ஈர்க்கும் இரையாகவும் பயன்படுத்தினார்கள். மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயே அந்த வேலைக்குப் போதும் என்று காட்டியவர் பாட்னாவின் ஆர்.கே. சின்ஹா. வாழ்நாளையே இந்த விலங்குக்காகக் கொடுத்தவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதைக் கேட்டுவிட்டு மீனவர்களைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். இந்த ஆறு ஒரு காலத்தில் ஜமீன்களின் சொத்தாக இருந்தது. மீன் பிடிக்க அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டும். அதை எதிர்த்து 1982-ல் கஹல்கானில் கங்கா முக்தி ஆந்தோலன் எழுந்தது. சரணாலயம் அறிவிக்கப்பட்ட அதே 1991-ல்தான் மீனவர்களுக்கும் ஆறு விடுதலையானது. 1975-ல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு கடலிலிருந்து ஏறி வரும் ஹில்சா மீன் இந்தப் பக்கம் அருகிப்போனது. மீன் குறைந்தால் மீனவருக்கும் பட்டினி, டால்பினுக்கும் பட்டினி. இருவருக்கும் நஷ்டம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. மீனவரை ஒதுக்கிவிட்டு டால்பினைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை.

2009-ல் கங்கை டால்பினைத் தேசிய நீர்வாழ் விலங்காக்கினார்கள். 2025 மார்ச்சில் வெளியான முதல் முழுக் கணக்கெடுப்பு இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள் என்றது. பீகாரில் 2,220. பியாஸ் ஆற்றில் இருப்பவை வெறும் 3. சீனாவின் யாங்சே ஆற்றில் 2006-ல் தேடியபோது அங்கிருந்த டால்பின் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் நம் சாக்கடை நினைவுக்கு வந்தது. ஆஸ்டின் டவுன் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் அதுதான் நுரையாகப் பொங்குகிறது. அந்த நுரைக்குக் கீழே மீன் செத்து மிதந்த செய்தியை நாம் படித்துவிட்டுக் காபி குடிக்கிறோம்.

பாகல்பூர் போகிறவர்கள் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், வெள்ளம் வடிந்த பிறகு போங்கள். மோட்டார் படகு வேண்டாம். துடுப்புப் படகைக் கேளுங்கள், அந்தக் கூலியை மீனவர் கையிலேயே கொடுங்கள்.