தொட்டதை மெஷின் எண்ணும். சம்மதத்தை?

1/ பார்க்க சாதாரண பார்ட்டி டிரெஸ். ஆனா துணிக்குள்ள தொடுதலை உணர்ற சென்சார்கள். யாரோட கை எங்க பட்டாலும் வைஃபை வழியா கம்ப்யூட்டர்ல பதிவாகிடும். 2018ல பிரேசில்ல இதைச் செஞ்சாங்க. நடனத்துல சம்மதம், அதுக்காக உடம்புல மாட்டிக்கிற கருவிகள். இதைப் பத்திதான் இந்த த்ரெட்.

2/ சாவ் பாலோ நகரத்துல ஒரு நைட் கிளப். 3 பெண்கள் இந்த டிரெஸ்ஸைப் போட்டுட்டுப் போனாங்க. 4 மணி நேரம்கூட முழுசா ஆகல. பதிவான தொடுதல்கள் 157. அதாவது மணிக்கு 40க்கும் மேல.

3/ இது ஷ்வெப்ஸ் குளிர்பானத்துக்காக ஓகில்வி விளம்பர நிறுவனம் செஞ்ச பிரச்சாரம். 3 பேர், ஒரே ராத்திரி. இதை மருத்துவ ஆராய்ச்சி மாதிரி எடுத்துக்கக் கூடாது. ஆனா "பொண்ணுங்க ஓவரா சொல்றாங்க"ங்கிற பேச்சுக்கு இது ஒரு நல்ல பதில். வாயால சொன்னா நம்பாதவங்க, மெஷின் எண்ணிக் காட்டினா நம்புறாங்க. வருத்தமான விஷயம்தான்.

4/ அடுத்து எல்லாருக்கும் வர்ற கேள்வி. "டாக்டர், அப்போ கையில கட்டுற ஸ்மார்ட்வாட்ச்சே போதுமே? இதயத் துடிப்பை வச்சு, அந்தப் பொண்ணுக்கு இஷ்டமா இல்லையான்னு சொல்லிடலாமே?" முடியாது. ஏன்னு பார்ப்போம்.

5/ வேகமா ஆடினா துடிப்பு ஏறும். பயந்தா ஏறும். பிடிச்சவங்க பக்கத்துல வந்தாலும் ஏறும். உள்ளங்கை வியர்வையும் அப்படித்தான். இது எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே சிம்பதெடிக் நரம்பு மண்டலம். வாட்ச்சுல 130னு காட்டினா அது சந்தோஷமா, சல்சாவா, பயமான்னு அந்த நம்பருக்குத் தெரியாது.

6/ இன்னொரு ஆபத்தும் இருக்கு. ரொம்ப பயந்தா சிலருக்கு உடம்பு உறைஞ்சு போயிடும். கத்த முடியாது, தள்ள முடியாது, அப்படியே நிப்பாங்க. அந்த நேரத்துல துடிப்பு குறையவும் செய்யலாம். அதைப் பார்த்துட்டு ஒரு கருவி "அமைதியா இருக்காங்க, ஓகே"ன்னு பச்சை விளக்கு போட்டா? எதிர்க்கலைன்னா சம்மதம்ங்கிற பழைய தப்பையே புது மெஷின் செய்யும்.

7/ அப்போ எது உதவும்? உடம்பை வேவு பார்க்கிற கருவியை விட, நாம சொல்ல நினைக்கிறதை நமக்காகச் சொல்ற பொருள் உதவும். ஆட்டிசம் உள்ளவங்க தங்களோட கூட்டங்கள்ல கலர் பேட்ஜ் குத்திக்கிறாங்க. பச்சைன்னா வந்து பேசலாம். மஞ்சள்னா தெரிஞ்சவங்க மட்டும். சிவப்புன்னா இப்போ யாரும் வேணாம்.

8/ கோவிட் சமயத்துல பல நிகழ்ச்சிகள்ல இதே மாதிரி கலர் கைப்பட்டை கொடுத்தாங்க. பச்சைன்னா கட்டிப்பிடிக்கலாம், சிவப்புன்னா தள்ளி நில்லுங்க. பேட்டரி வேணாம், டேட்டா யார்கிட்டயும் போகாது, நினைச்சா உடனே மாத்திக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 12 பேர்ல ஒருத்தருக்கு சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. டான்ஸ் ஃப்ளோர்ல வெளிச்சமும் கம்மி. அதனால கலரோட எழுத்தோ வடிவமோ சேர்த்தே இருக்கணும்.

9/ பேட்ஜ்கூட இல்லாம இதைச் செய்றவங்க இருக்காங்க. புவெனஸ் அய்ரஸ் நகரத்து டாங்கோ நடன அரங்குகள்ல கபெசியோன்னு ஒரு வழக்கம். நேரா போய் கை நீட்ட மாட்டாங்க. தூரத்துல இருந்து கண்ணைப் பார்த்து லேசா தலையசைப்பாங்க. எதிர்ல இருக்கிறவங்களும் தலையசைச்சாதான் எழுந்து போகணும். விருப்பமில்லையா, பார்வையை வேற பக்கம் திருப்பிக்கிட்டா போதும். யாருக்கும் அவமானம் இல்லை.

10/ அதுவும் ராத்திரி முழுக்கச் செல்லாது. பொதுவா 3, 4 பாட்டு சேர்ந்தது ஒரு சுற்று. நடுவுல வேற இசை கொஞ்சம் ஓடும், எல்லாரும் பிரிஞ்சு போயிடுவாங்க. அடுத்த சுற்றுக்கு மறுபடி கேட்கணும். சுற்றுக்கு நடுவுலயும் "நன்றி"ன்னு சொல்லிட்டு விலகிடலாம்.

11/ ஆஸ்பத்திரியிலயும் இதேதான். ஆபரேஷன் பாரத்துல கையெழுத்து போட்ட நோயாளி, தியேட்டர் வாசல்ல வந்து "வேணாம் சார்"னு சொன்னா நிறுத்தித்தான் ஆகணும். வயித்தைத் தொட்டுப் பார்க்க "கை வைக்கட்டுமாம்மா?"ன்னு கேட்கிறோம். அவங்க சரின்னு சொன்னாலும், கை வச்சதும் உடம்பு விறைச்சா நிறுத்திட்டு மறுபடி கேட்கணும். வலியாவும் இருக்கலாம், சங்கடமாவும் இருக்கலாம். கேட்டாதான் தெரியும்.

12/ அதனால, சம்மதத்துக்குன்னு எந்தக் கருவி வந்தாலும் 3 கேள்வி கேளுங்க. அதைப் போட்டிருக்கிறவங்க சொல்றதை அது காட்டுதா, இல்ல அதுவா ஊகிக்குதா? மனசு மாறினா அந்த நொடியே மாத்த முடியுமா? "வேணாம்"னு சொல்றதை அது சுலபமாக்குதா?

13/ பச்சைப் பட்டை கட்டியிருந்தாலும் அது "வந்து கேட்கலாம்"ங்கிறதுக்குத்தான். "தொடலாம்"னு அர்த்தம் இல்லை. உங்க வீட்டுல ஆடப் போற பையன் இருந்தா இதைச் சொல்லிக் கொடுங்க. பொண்ணு இருந்தா, பாட்டு பாதியில ஓடிட்டு இருந்தாலும் விலகி வரலாம்னு சொல்லி அனுப்புங்க.