120 கிலோமீட்டருக்கு நடுவுல பெங்களூரு!

பாஸ், ஒரு சின்னக் கணக்கு. சென்னை ஏர்போர்ட்டுக்கும் புதுச்சேரி ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆனா, 2024 டிசம்பர் 20-ல் புதுச்சேரியில் மறுபடியும் விமானம் பறக்க ஆரம்பிச்சப்போ கிடைச்சது பெங்களூருவும் ஐதராபாத்தும்தான். 'பிளேன்லதான் போவேன்'னு அடம்பிடிச்சா, பெங்களூரு சுத்தி சுமார் 530 கிலோமீட்டர்! நடுவுல காத்திருக்கிற நேரம் வேற. ஈ.சி.ஆர் பஸ்ல ஏறினா மூணு, மூணரை மணி நேரம்.

நாங்க பஸ் கட்சி. ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு உப்பு குவிஞ்சு கிடக்க, மரக்காணத்துலயே இறங்கிட்டோம். பாத்தியில் தேக்கின உப்புத்தண்ணி வெயில்ல வற்றி உப்பு பூக்குது. அதைப் பலகையால வாரி, வரப்புல குவிக்கணும். பக்கத்துல கழுவெளி. 2024-ல் ராம்சர் அந்தஸ்து வாங்கின பறவைகள் சரணாலயம். டிக்கெட் இல்லாம பல நாட்டுப் பறவைகள் வந்து இறங்குற ஏர்போர்ட்!

மேலே ஒரு பிளேன் போச்சு. வேலையில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"எம் பொண்ணு மெட்ராஸ்லதான் படிக்குது தம்பி. போய்ப் பார்க்கணும். இப்ப போனா கூலி போயிடும். ஐப்பசி மழை வந்தா உப்பளத்துல வேலை இருக்காது, போகலாம். அப்ப கையில காசு இருக்காது."

ரெண்டு மாசமா ஊருக்குப் போகாத எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. பசங்க புதுச்சேரி பஸ்ஸைப் பிடிச்சாங்க. நான் திண்டிவனம் பஸ்ல ஏறிட்டேன். அங்கிருந்து எங்க ஊர் ஒரு மணி நேரம்தான்.