தேறல்

புறநானூற்றின் 56ஆம் பாடலை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தர, உண்டு மகிழ்ந்திருக்குமாறு நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் அது. 'தேறல் எனில் தெளிந்த கள்' என்று சொல்லிவிட்டு விரைந்து கடந்துவிடுவேன். மாணவர் சிரிப்பார்களே என்பதால் அன்று. என் தந்தையார் கள் இறக்கியவர். படிக்கிற காலத்து விண்ணப்பங்களிலெல்லாம் அவர் தொழிலை 'விவசாயம்' என்றே எழுதினேன்.

சென்ற தீபாவளி சமயத்தில், சிவகாசியில் அச்சகம் நடத்தும் பழைய மாணவர் விருதுநகருக்கு என் வீடு தேடி வந்தார். கையில் புடாபெஸ்டில் வாங்கிய அரை லிட்டர் புட்டி. ஹங்கேரியின் டொக்காய் அசு.

டொக்காய் ஊரருகே போத்ரோக் ஆறு டிசாவில் கலக்கிறது. இலையுதிர் காலக் காலைகளில் அங்கே எழும் மூடுபனியில் திராட்சையின்மேல் ஒருவகைப் பூஞ்சை படர்கிறது. தோலில் நுண்துளைகள் விழ, பகல் வெயிலில் நீர் வற்றி, பழம் சுருங்கிச் சர்க்கரை திரள்கிறது. அப்பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, திராட்சைச் சாற்றிலோ மதுவிலோ ஊறவைத்துப் பிழிகிறார்கள். பிறகு ஓக் பீப்பாயில் முதிர்கிறது. லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை எஞ்சியிருக்க வேண்டும் என்பது 2013 முதல் விதி. பட்டாசுக்கு உகந்த நம் வறண்ட காற்றில் அந்தப் பூஞ்சை பிழைக்காது.

பொன்னிறம். தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். நாவில் முதலில் இனிப்பு, அது திகட்டுமுன் கூரிய புளிப்பு. அந்தப் புளிப்பை நான் அறிவேன். சுண்ணாம்பு குறைந்த கலயத்துப் பதநீர் முற்பகலிலேயே அப்படித் திரும்பிவிடும்.

திண்ணையிலிருந்த ஐயாவுக்கும் டம்ளரில் சிறிது ஊற்றினேன். நெஞ்சில் மரம் உராய்ந்து காய்த்த தழும்புகள் இன்னமும் உண்டு அவருக்கு. வாயில் நெடுநேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"கலயத்துல சுண்ணாம்பு பத்தலலே. ஆனா நல்லா தெளிஞ்சிருக்கு. எந்த ஊரு மரம்?"

"மரமில்லய்யா, திராட்சை. பூஞ்சை புடிச்ச பழம்."

நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"தாத்தா பனையேறுனவங்களா சார்?" என்றார் மாணவர்.

"ஆமாம். 1987இல் தடை வரும்வரை கள். பிறகு பதநீர்" என்றேன்.

ஐயா டம்ளரை மறுபடி நீட்டினார்.